ஒரு கல்லும் புரளவில்லை

அத்தியாயம் 6

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க சார்! ஒரே ஒரு நிமிஷம்!"

ஜேசிபியின் இரைச்சலில் ஜெர்லின் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஜெகதீசன் காதைத் தொட்டுக் காட்டி, அப்புறம் பேசலாம் என்று கையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஜேசிபி இன்னொரு பாறையைப் புரட்டியது. அதன் கீழேயும் பாறைதான் இருந்தது.

"விடுங்க மேடம்," என்றார் பிரான்சிஸ். "நானும் சர்வீஸ் முழுக்க பஸ்ல 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்தினேன். ஒருத்தனாவது போனான்?"

பிரான்சிஸ் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஜெர்லின் நடத்தும் துப்பறியும் ஆபீஸில் இப்போது உதவியாளர். அவளைவிட வயதில் ரொம்ப மூத்தவர். உடம்பு ரிடையர் ஆகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது.

ஜெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்ததிலிருந்து ஒன்றுமே நேராக நடக்கவில்லை. ஆல்ட்டோ வழியில் இரண்டு தடவை நின்றது. தீயணைப்பு ஆட்கள் அவளைப் பத்திரிகைக்காரி என்று நினைத்துக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார்கள். இன்ஸ்பெக்டர் அவள் கார்டை வாங்கிப் பார்த்து, "டிடெக்டிவா? கல்லு விழுந்ததுக்கா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இடம் கொக்குப்பாறை மலை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டை ஒட்டி, யாரோ கூடையிலிருந்து கொட்டிய மாதிரி உருண்டைப் பாறைகளாக நிற்கிற மலை. கோட்டக்குப்பத்துக்காரர் சாதிக் பாட்சா வளைகுடா வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டவர். மலையடிவாரத்தில் ஆட்டுப் பண்ணை போட இடம் பார்க்க நேற்று வந்தார். கூட வந்தவர் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர் அன்புச்செல்வன். திண்டிவனத்தில் நிலம் வாங்க விற்க ஏற்பாடு செய்பவர்.

சாயங்காலம் மலை சரிந்தது, சாதிக் உள்ளே போய்விட்டார், என் கண்ணெதிரிலேயே போனார் என்றார் அன்புச்செல்வன். ரோட்டோரம் சாதிக்கின் பைக் நின்ற இடத்துக்கு மேலே இருந்த பெரிய கற்குவியலைக் கை காட்டினார். அப்போதிலிருந்து தோண்டுகிறார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

சாதிக்கின் மனைவி ஹுமைரா விடிகாலையில் ஜெர்லினுக்குப் போன் செய்திருந்தாள். இப்போது ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுவதற்கு முந்தின நிலையிலேயே ராத்திரி முழுக்க நின்றவள் மாதிரி இருந்தாள்.

"அன்பு அண்ணன் பேச்சு மாறுதுங்க மேடம். ராத்திரி கேட்டப்ப தண்ணி பாட்டில் எடுக்க வண்டிகிட்ட போனேன்னாரு. காலைல கேட்டா போன் வந்துச்சு, தள்ளிப்போய் பேசிக்கினு இருந்தேங்கறாரு. எதையோ மறைக்கறாரு. போலீஸ்ல சொன்னா, அதிர்ச்சில அப்படித்தான்மா பேசுவாங்கன்றாங்க."

"நீங்க சாதிக் பாய்கிட்ட கடைசியா எப்ப பேசினீங்க?"

"நேத்து சாயங்காலம். பேசிக்கினு இருக்கும்போதே கடகடன்னு ஒரு சத்தம். அப்புறம் லைன் கட்டு. சுவிட்ச் ஆஃப்."

ஜெர்லின் தலையாட்டிவிட்டுக் குவியலைப் பார்த்தாள். இந்த ஆபீஸ் போடுவதற்கு முன் அவள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கல்குவாரி விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவள். திண்டிவனத்தைச் சுற்றி அவள் ஏறி இறங்காத கல் சரிவு கிடையாது.

ஜேசிபி தொட்டிருந்த அடிவாரத்தில் இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை. இரும்புப் பல் பட்டு எல்லாப் பாறையும் வெள்ளை வெள்ளையாகக் கீறிக் கிடந்தது. எது புதிது, எது பழையது என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக மேலே ஏறினாள். பிரான்சிஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"அண்ணே, இந்தக் கல்லு மேல்பக்கம் என்ன கலரு?"

"கருப்பு."

"அது?"

"கருப்பு."

"அந்தாண்ட இருக்கறது?"

"எல்லாமே கருப்புதான். டிபன் சாப்பிடாத மனுஷனுக்கு எதுக்கு மேடம் கண் டெஸ்ட்டு?"

ஜெர்லின் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினாள். அடிப்பக்கம் செம்மண் ஒட்டிச் சிவப்பாக இருந்தது. எறும்புகள் பதறி ஓடின.

"வருஷக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் கிடந்தா மேல்பக்கம் பாசி புடிச்சுக் கருத்துடும். மண்ல படுத்திருக்கற பக்கம் இப்படியே சிவப்பா இருக்கும். நேத்து இந்தச் சரிவு பெயர்ந்து உருண்டுதுன்னா பாதிக் கல்லாவது வயித்தைக் காட்டிக்கிட்டுக் கிடக்கணும். ஒண்ணுகூட இல்லையே!"

பிரான்சிஸ் நின்று சுற்றிலும் பார்த்தார். "பஸ்ஸு கவுந்துடுச்சுங்கறான். உள்ள போய்ப் பாத்தா அத்தனை பாசஞ்சரும் சீட்டுலயே நேரா உக்காந்துக்கினு இருக்கான்."

"அதேதான். இன்னொண்ணும் பாருங்க. அடிவாரத்துல இருக்கறதெல்லாம் வீடு மாதிரி பாறை. நடுவுல ஆட்டுக்கல் சைஸு. இங்க மேல வெறும் தேங்காய் சைஸு. பெரிய கல்லு விழுந்தா வேகம் அடங்காம அடிவாரம் வரைக்கும் ஓடும். சின்னது பாதி வழியிலயே இடுக்குல மாட்டிக்கும்."

"பெரிய லக்கேஜ்காரன் கடைசி ஸ்டாப்பு. கைப்பைக்காரன் அடுத்த ஸ்டாப்பு."

"இவ்வளவு ஒழுங்காப் பிரிஞ்சு நிக்க ஒரு சாயங்காலம் பத்தாது. வெயில்ல பாறை விரியும், ராத்திரி சுருங்கும், மழைத்தண்ணி விரிசல்ல இறங்கும், மரத்து வேர் உள்ள பூந்து நெம்பும். ஒரு நாள் ஒரு கல்லு கழண்டு விழும். அப்புறம் வருஷக்கணக்கா ஒண்ணும் நடக்காது. அப்படி ஒவ்வொண்ணா விழுந்து சேர்ந்த குவியல்ணே இது. நேத்து இங்க ஒரு கல்லும் புரளலை."

பிரான்சிஸ் மெதுவாகச் சொன்னார். "அப்ப அந்தாளு கண்ணெதிர்ல விழுந்துச்சுன்னது?"

"பொய்."

இறங்கி வந்து இன்ஸ்பெக்டரை ஜேசிபிக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு அவரே மேலே ஏறி நாலைந்து கல்லைப் புரட்டிப் பார்த்தார். இறங்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கையைத் தூக்கி ஜேசிபியை நிறுத்தினார்.

திடீரென்று வந்த அமைதியில் ஹுமைரா ஓடி வந்தாள். "ஏன் நிறுத்திட்டீங்க? கிடைச்சுட்டாரா?"

"உங்க வீட்டுக்காரர் இதுக்குக் கீழ இல்லம்மா," என்றாள் ஜெர்லின். "இங்க கல்லே விழலை."

"அப்ப நான் கேட்ட சத்தம்?"

"ஏதாவது லாரி கல் கொட்டியிருக்கலாம். போன்ல எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும்."

"அப்ப அவுரு எங்க?"

ஹுமைரா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஜெர்லினுக்கு அந்த ஒரு பார்வையில் காலியானது.

அன்புச்செல்வனை ஜீப்பில் உட்கார வைத்தார்கள். நாற்பது வயது, கசங்கின வெள்ளைச் சட்டை, கண்கள் வீங்கியிருந்தன. என்ன கேட்டாலும் ஒரே பதில்.

"விழுந்துச்சு சார். நெஜமா விழுந்துச்சு."

"எங்க விழுந்துச்சு?"

"இங்கதான்."

"ஒரு கல்லும் புரளலையேய்யா!"

"எனக்குத் தெரியாது சார். விழுந்துச்சு."

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவை அறைந்து சாத்தினார். ஜெர்லின் ரோட்டோரம் நின்ற பைக்கிடம் போனாள். கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. அவள் ஹுமைராவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் இந்த ஒரே வண்டியிலதான் வந்தாங்களா?"

"ஆமா. ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பின்னாடி உக்கார்றவங்களும் போட்டாத்தான் வண்டியை எடுக்க விடுவேன்."

"இன்னொரு ஹெல்மெட் எங்க?"

ஜீப்புக்குள்ளிருந்து அன்புச்செல்வன், "கல்லுக்குள்ள போயிருக்கும்," என்றார். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"மேடம்," என்று பிரான்சிஸ் அவள் காதோரம் வந்தார். "ஹெல்மெட் இங்க இல்ல. ஆளு இங்க இருக்கான். ஹெல்மெட் நடந்து போவாது. இவன்தான் எடுத்துக்கினு எங்கியோ போய், வெச்சுட்டு, திரும்பி வந்திருக்கான்."

"வண்டி இங்கயே நிக்குது. எதுல போயிருப்பான்?"

பிரான்சிஸ் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவருடைய ஏரியாவுக்குள் கேஸ் வந்திருந்தது. "பஸ்லதான். ஹெல்மெட்டோட பஸ்ல ஏறினவனை எந்தக் கண்டக்டரும் மறக்க மாட்டான்."

அவர் போனை எடுத்தார். முதல் நம்பர் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள் லீவில் இருந்தார். மூன்றாவது ஆள் பேசிக்கொண்டே இருந்தார், பயனில்லாமல். ஜெர்லின் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நாலாவது நம்பரில் பிரான்சிஸ், "டேய் தமிழ்மணி! எங்க கீற? திண்டிவனத்துலயா? அங்கயே இரு, பஸ்ஸை எடுத்துடாத!" என்று கத்தினார்.

ஆல்ட்டோ வழியில் இன்னொரு தடவை நின்றது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தமிழ்மணியின் பஸ் கிளம்பிவிட்டிருந்தது. அது போய்த் திரும்பி வரும்வரை மல்லாட்டைக் கடலை வறுக்கும் வாசனைக்கு நடுவில் மூட்டைகளோடு மூட்டைகளாகக் காத்திருந்தார்கள். மத்தியானம் போய் வெயில் சாய ஆரம்பித்தபோது தமிழ்மணி பஸ்ஸிலிருந்து இறங்கினார். தோல்பையும் வியர்வையுமாக இருந்தார்.

"ஹெல்மெட்டா? நல்லா நெனப்பு கீது. கொக்குப்பாறை ஸ்டாப்புல ஏறினாரு. தலைல மாட்டிக்கினே டிக்கெட் கேட்டாரு. 'இன்னா சார், எங்க டிரைவர் மேல அவ்ளோ நம்பிக்கையா'ன்னு கேட்டேன். பஸ்ஸே சிரிச்சுது. அந்தாளு சிரிக்கல. மூஞ்சி கோவத்துல செவந்து போய் இருந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"இங்க ஸ்டாண்டுக்குள்ள திரும்பும்போது பள்ளிவாசல்ல சாயங்காலப் பாங்கு சொல்லிக்கினு இருந்தாங்க. அப்ப எறங்கினாரு."

தமிழ்மணி விசில் அடித்துக்கொண்டே அடுத்த நடைக்குப் போனார். பிரான்சிஸ் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"முடிஞ்சுது மேடம். ரெண்டு பேருக்கும் சண்டை. கொன்னுட்டான். உடம்பை எங்கியோ மறைச்சுட்டான். பதட்டத்துல ஹெல்மெட்டைக் கழட்டக்கூட மறந்து பஸ் ஏறிட்டான். அப்புறம் திரும்பி வந்து கல்லு கதை கட்டறான்."

ஜெர்லினும் அப்படித்தான் நினைத்தாள். உறுதிப்படுத்திக்கொள்ள ஹுமைராவுக்குப் போன் செய்தாள்.

"நேத்து சாதிக் பாய் போன் பண்ணினாருன்னீங்களே, சரியா எப்ப?"

"சாயங்கால அசர் பாங்கு சொல்லி, நான் தொழுது எழுந்தேன். பாயைக்கூட மடிக்கல. அப்ப வந்துச்சு."

"பாங்குக்கு அப்புறமா? முன்னாடி இல்லையே?"

"அப்புறம்தாங்க. தொழுது முடிச்சுட்டுத்தானே பேசினேன்."

ஜெர்லின் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"இன்னா ஆச்சு?" என்றார் பிரான்சிஸ்.

"பாங்கு சொல்லும்போது அன்புச்செல்வன் இங்க, இந்த ஸ்டாண்டுல எறங்கறான். அதுக்கு அப்புறம் சாதிக் மலையிலேர்ந்து பொண்டாட்டிகிட்ட பேசறாரு. உயிரோட." அவள் பெஞ்சை ஓங்கிக் குத்தினாள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து இடம் மாறினார். "அவன் கொல்லலைண்ணே. கொல்லவே முடியாது. காலைலேர்ந்து கையில கிடைச்ச ஒரே நூலு. அதுவும் அறுந்து போச்சு!"

"இன்னாங்க இது பேஜாரு! பொய் சொல்றவனைப் புடிச்சா, அவன் பொய்யே அவனைக் காப்பாத்துது."

போனில் ஹுமைரா இன்னும் இருந்தாள். "மேடம்? மேடம்?"

ஜெர்லின் சலிப்போடுதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. "அவர் என்னதான் சொன்னாரு அப்ப?"

"எடம் புடிச்சுப் போச்சுன்னாரு. முதல்ல பாத்த எடம் சரியான வெயிலாம். இது நல்ல நிழலா இருக்கு, கல்லு சந்துலேர்ந்து ஏசி மாதிரி ஜில்லுன்னு காத்து வருது, கொட்டாயை இங்கயே போட்டுடலாம்னாரு. அதுக்குள்ள அந்தச் சத்தம்."

"இந்தப் பக்கம் வாங்க மேடம்," என்று பிரான்சிஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. கட்டடத்துக்கு அந்தாண்ட நிழல் கீது பாருங்க."

ஜெர்லின் மேற்கே சூரியனைப் பார்த்தாள். கட்டடத்துக்குக் கிழக்கே நீண்டு கிடந்த நிழலைப் பார்த்தாள்.

"அண்ணே. அவங்க தோண்டின குவியல் மலைக்கு எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம். மேக்கால."

"சாயங்காலம் அங்க நிழல் இருக்குமா?"

பிரான்சிஸ் வாயைத் திறந்தார். அதிசயமாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

"அந்தக் குவியல்ல ஒரு கல்லும் புரளலைன்னுதான் நான் கண்டுபிடிச்சேன். மலையில எங்கயுமே புரளலைன்னு கண்டுபிடிக்கல. அன்புச்செல்வனுக்கு எங்க விழுந்துச்சுன்னே தெரியாது. அவன் அங்க இல்லவே இல்ல. பைக் நின்ன எடத்துல ஒரு குவியலைப் பாத்தான், கை காட்டினான். அந்த மனுஷன் மலைக்குப் பின்னாடி கிடக்காரு. நான் இங்க ஹெல்மெட் தேடிக்கிட்டு இருக்கேன்!"

காருக்கு ஓடிக்கொண்டே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள்.

"காலைல நிறுத்துங்கன்னீங்க," என்றார் ஜெகதீசன். "இப்ப தோண்டுங்கறீங்க. ஃபயர் சர்வீஸ் பாதிப் பேரு கிளம்பிட்டாங்க. என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க மேடம்?"

"திட்டறதை அப்புறம் மொத்தமா திட்டுங்க சார். கிழக்கால வாங்க. ஜேசிபி வேணாம். ஆளுங்க வேணும்."

மலையின் கிழக்குப் பக்கம் பாதை இல்லை. முள்ளும் உன்னிச்செடியும் இடுப்பளவு நின்றன. ஜெர்லின் துப்பட்டா கிழியக் கிழிய உள்ளே புகுந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று ஓர் இலையைத் தடவினாள். விரலில் மாவு மாதிரி கல்தூசி ஒட்டியது. மழை பெய்தது முந்தாநாள் ராத்திரி. தூசி அதற்கு அப்புறம் வந்து விழுந்திருக்க வேண்டும்.

இன்னும் பத்தடியில் புதர் முடிந்தது. எதிரே கற்கள் தாறுமாறாகக் கிடந்தன. சிவந்த வயிற்றைக் காட்டிக்கொண்டு பாதி, வெள்ளையாய் உடைந்த முகத்தோடு மீதி. பெரிய பாறை மேல் சிறிய கல், சிறிய கல் மேல் நசுங்கின செடி. நிமிர்ந்தால், உச்சியில் பாறை பெயர்ந்த இடம் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. அதில் ஒரு இச்சி மரத்து வேர் அறுந்து தொங்கியது.

"இதுதான் கவுந்த பஸ்ஸு," என்றார் பிரான்சிஸ்.

ஜெர்லின் கற்களின் இடுக்குகளில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். காலை வெயிலில் காய்ந்த சூடு. அடுத்ததும் சூடு. ஓரத்தில், நூறு வருஷமாக நகராத மாதிரி மண்ணில் புதைந்திருந்த ஒரு பெரும்பாறையின் அடியில் கை வைத்தபோது ஜில்லென்று காற்று பட்டது.

"இங்கதான் நின்னு பேசியிருக்காரு. கூப்பிடுங்கண்ணே. உங்க தொண்டைக்கு இப்ப வேலை."

பிரான்சிஸ் குனிந்து கையைக் குவித்துக்கொண்டார். "சாதிக்கு பாய்! சாதிக்கு பாஆய்!"

ஒன்றுமில்லை. ஒரு காடை எங்கோ கத்தியது. அவர் மறுபடி கத்தினார். மறுபடியும்.

உள்ளேயிருந்து கல்லால் கல்லைத் தட்டும் சத்தம் வந்தது. மிக மெதுவாக. டக். டக்.

அடுத்து நடந்தது எல்லாவற்றையும்விடப் பொறுமையைச் சோதித்தது. வந்த ஆட்கள் அவசரத்தில் அடியில் இருந்த கல்லை இழுக்கப் போனார்கள். ஜெர்லின் குறுக்கே விழுந்து தடுத்தாள். "கீழ ஒண்ணை இழுத்தா மேல இருக்கறது மொத்தமும் இறங்கும்! மேலேர்ந்து எடுங்க. ஒவ்வொண்ணா, கையால!"

வரிசையாக நின்று கல்லைக் கை மாற்றினார்கள். ஹுமைரா செருப்பை உதறிவிட்டு வரிசையில் சேர்ந்தாள். யார் சொல்லியும் விலகவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து அன்புச்செல்வனையும் இறக்கி விட்டிருந்தார். அவர் ஜெர்லினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கல்லை வாங்கிக்கொண்டே பேசினார்.

"எடம் காட்டினதும் வெயிலு, வெயிலுன்னு குத்தம் சொன்னான் மேடம். மூணு மாசமா அலைஞ்சு புடிச்ச எடம். எனக்குக் கோவம் வந்துடுச்சு. நீயே பாத்துக்கோடான்னுட்டு பஸ் ஏறிட்டேன். ஹெல்மெட்டை எங்கியோ பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டேன். அப்பத்தான் ஹுமைரா தங்கச்சி போன் பண்ணுச்சு. 'ஏதோ சத்தம் கேட்டுச்சு, லைன் கட்டாயிடுச்சு, கூடத்தானே இருக்கீங்க'ன்னுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"அவனுக்கு வலிப்பு வரும் மேடம். தனியா விடாதீங்கண்ணேன்னு வாசல்ல நின்னு சொல்லி அனுப்பிச்சுது. எப்படி இல்லேன்னு சொல்லுவேன்? 'ஆமாம்மா, கூடத்தான் இருக்கேன்'னுட்டேன். ஆட்டோ புடிச்சு ஓடியாந்தேன். வண்டி நிக்குது. பக்கத்துல அவ்ளோ பெரிய குவியல். நெஜமாவே அதான் விழுந்துச்சுன்னு நெனச்சேன். எல்லாரும் 'கூட இருந்தியே, எங்க விழுந்துச்சு'ன்னாங்க. கை காட்டிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல."

வரிசையில் முன்னால் நின்ற ஹுமைரா திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கல்லை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

பெரும்பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் நடுவில் ஆள் குந்தியிருக்கும் அளவு இடைவெளி இருந்தது. முதலில் ஒரு கை வெளியே வந்தது. பிறகு தூசி படிந்த தாடி. இடது கால் முட்டிக்குக் கீழே மாட்டியிருந்தது. அதை விடுவிக்கும்போது அவர் போட்ட கூச்சலைக் கேட்டு பிரான்சிஸ் தள்ளிப் போய்விட்டார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்ததும் சாதிக் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு ஜெர்லினைப் பார்த்தார், யார் என்று தெரியாமலே.

"ராத்திரியெல்லாம் மலைக்கு அந்தாண்ட மெஷின் சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சுங்க. தேடறாங்கன்னு தைரியமா இருந்தேன். காலைல திடீர்னு நின்னுடுச்சு. அப்பத்தான் பயந்துட்டேன். அதுக்கப்புறம் கத்தவே தோணல."

இன்ஸ்பெக்டர் ஜெர்லினைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சரியாகத்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததில் பாதியோடு நின்றுவிட்டாள். அந்தப் பாதிப் பகலை இந்த மனிதர் உள்ளே உட்கார்ந்து கழித்திருக்கிறார்.

"நிறுத்தச் சொன்னது நான்தாங்க," என்றாள்.

சாதிக்குக்குப் புரியவில்லை. கண்ணை நகர்த்தி யாரையோ தேடினார். "அன்பு எங்க? அவன் ஒழுங்கா ஊடு போய்ச் சேந்தானா? கோச்சுக்கினு போனான்."

அன்புச்செல்வன் பிரான்சிஸுக்குப் பின்னால் நின்றிருந்தார். ரத்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"அவனை ஒண்ணும் சொல்லாத ஹுமைரா," என்றார் சாதிக். "நான்தான் போடான்னு சொன்னேன். எடமும் நல்ல எடம்தான். கொஞ்சம் தள்ளி..."

"கொஞ்சம் தள்ளியா? இந்தக் கல்லுக்குக் கீழயா?" ஹுமைராவின் குரல் மலையில் மோதித் திரும்பியது. நேற்றிலிருந்து அடக்கியது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. "ஒருத்தரு தனியா உட்டுட்டுப் போறாரு. கூட இருந்தேன்னு எங்கிட்டயே பொய் சொல்றாரு. இன்னொருத்தரு செத்துப் பொழைச்சு வந்தும் ஆட்டுக் கொட்டாய்ங்கறாரு. ரெண்டு பேரும் வாயைத் தொறக்கக் கூடாது. ஆஸ்பத்திரி முடியட்டும். ஊட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

ஆம்புலன்ஸ்காரர் கூட யாராவது ஒருவர்தான் வரலாம் என்றார். ஹுமைரா ஏறினாள். உள்ளே உட்கார்ந்து, கணவனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கதவை மூட வந்தவரை நிறுத்திவிட்டு, அன்புச்செல்வனைப் பார்த்து உட்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? கையில ரத்தம் கொட்டுது. ஏறுங்க."